டிரா குறைந்தால் மட்டும் போதுமா? வெள்ளைக் காய் யாருக்கு என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் செஸ் செய்திகளுக்கு இப்போது நல்ல இடம் கிடைக்கிறது. சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆன பிறகு குதிரை எப்படிப் போகும் என்று தெரியாத வீட்டில்கூட அந்தச் செய்திகளைப் படிக்கிறார்கள், அது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் செய்திகளில் ஒரு தகவல் அடிக்கடி விடுபட்டுப் போகிறது. யார் ஜெயித்தார், எத்தனையாவது நகர்த்தலில் ஜெயித்தார், புள்ளிப்பட்டியலில் எந்த இடம் என்பதெல்லாம் இருக்கிறது. வெள்ளைக் காய் யாரிடம் இருந்தது என்பது மட்டும் பல நேரம் இருப்பதில்லை. ஃப்ரீஸ்டைல் செஸ் (பின்வரிசைக் காய்களைக் குலுக்கி அடுக்கி ஆடுவது), கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறுவது) இல்லாத செஸ் என்று விதி மாறிய ஆட்டங்கள் பெரிய மேடைக்கு வந்து, நம் ஊர் ஒரு நாள் போட்டிகள் வரைக்கும் இறங்கிவிட்ட இந்த நேரத்தில் அந்தத் தகவல் முன்பைவிட முக்கியமாகிவிட்டது. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. செஸ்ஸில் வெள்ளைதான் முதலில் நகர்த்தும். இந்த விதியே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கெட்டிப்பட்டது, அதற்கு முன் கறுப்பு முதலில் நகர்த்திய ஆட்டங்களும் உண்டு. எந்த நிறமாக இருந்தாலும் சரி, முதலில் நகர்த்துகிறவருக்குக் கொஞ்சம் சாதகம் இருக்கிறது. வலுவான ஆட்டக்காரர்களின் ஆட்டங்களை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் நூறு புள்ளியில் 54, 55 வரை வெள்ளைக்குச் சேர்கிறது. ஒரு ஆட்டத்தில் இது கண்ணுக்கே தெரியாது. ஒரு போட்டி முழுக்க, ஒரு வாழ்நாள் முழுக்க என்று பார்த்தால் தெரியும்.

இதனால்தான் கறுப்பில் வரும் வெற்றிக்கு எடை அதிகம். 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில் உலக சாம்பியன் பட்டத்துக்காக ரஷ்யாவின் கிராம்னிக்கை ஆனந்த் எதிர்கொண்டபோது அந்த மோதலின் போக்கை மாற்றியவை மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்கள். இரண்டிலும் ஆனந்திடம் இருந்தது கறுப்பு. 2010-இல் சோபியாவில் டோபலோவுடன் கடைசி ஆட்டம், அதிலும் கறுப்பில்தான் ஜெயித்துப் பட்டத்தைக் காப்பாற்றினார். 2013-இல் நம் சென்னையிலேயே நார்வேயின் கார்ல்சன் அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்தாரே, அப்போது கார்ல்சன் ஜெயித்த மூன்று ஆட்டங்களில் இரண்டு, ஆறாவதும் ஒன்பதாவதும், கறுப்பில் வந்தவை. சென்னையில் ஆனந்த் எவ்வளவு நெருக்கடியில் இருந்தார் என்பதை 6.5–3.5 என்ற கணக்கைவிட இந்தத் தகவல் நன்றாகச் சொல்லிவிடும். 2024 டிசம்பரில் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரனுக்கு எதிராகப் பதினான்காவது ஆட்டத்தில் குகேஷ் ஜெயித்ததும் கறுப்பில். டிரா ஆகிவிடும் என்று எல்லாரும் நினைத்த ஒரு நிலையை, கறுப்பை வைத்துக்கொண்டு, விடாமல் இழுத்துக்கொண்டே போய் ஜெயித்த ஆட்டம் அது. அதைப் பற்றி எழுதும்போது கறுப்பு என்ற சொல்லை விட்டுவிட்டால் பாதி ஆட்டத்தை விட்டுவிட்ட மாதிரி.

சரி, இப்போது புதுவகை ஆட்டங்களுக்கு வருகிறேன்.

இவை ஏன் வந்தன என்று கேட்டால் எல்லாரும் சொல்லும் காரணம் டிரா. 2018-இல் லண்டனில் உலக சாம்பியன் பட்டத்துக்காகக் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டங்களும் டிரா ஆயின, அதன் பிறகுதான் ரேபிடில் (குறைந்த நேர ஆட்டத்தில்) கார்ல்சன் மூன்றையும் ஜெயித்தார். ஓப்பனிங்குகளை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை, இருபதாவது நகர்த்தல் வரைக்கும் கணினியை வைத்து மனப்பாடம் செய்துகொண்டு வந்தால் ஆட்டத்தில் உயிர் எங்கே இருக்கும் என்ற கவலை நியாயமானது. இந்தக் கவலை புதிதும் அல்ல. முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்கா நூறு ஆண்டுக்கு முன்பே டிராவுக்குப் பயந்து, பலகையைப் பத்து வரிசையாக அகலப்படுத்தி இரண்டு புதுக் காய்களைச் சேர்க்கலாம் என்றார்.

ஆனால் டிரா அதிகம் என்பது ஒரு நோய், முதலில் நகர்த்துபவருக்குச் சாதகம் என்பது வேறு நோய். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். முதல் நோய்க்குக் கொடுக்கும் மருந்து இரண்டாவது நோயை அதிகப்படுத்தலாம் என்பதைப் பேசுகிறவர்கள் குறைவு. இதற்குப் பெரிய கணிதம் எதுவும் தேவையில்லை. கணக்குக்காக 100 ஆட்டம் வைத்துக்கொள்வோம். வெள்ளை 30 ஜெயிக்கிறது, கறுப்பு 20, மீதி 50 டிரா. டிராவுக்கு ஆளுக்கு அரைப் புள்ளி என்று பார்த்தால் வெள்ளைக்கு 55, கறுப்புக்கு 45. இப்போது விதியை மாற்றி டிராவையே ஒழித்துவிட்டோம், ஆனால் வெற்றிகள் அதே விகிதத்தில்தான் பிரிகின்றன என்றால் வெள்ளைக்கு 60, கறுப்புக்கு 40. ஆட்டம் விறுவிறுப்பாகிவிட்டது, பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷம், ஆனால் நிறம் பிரிக்கும்போதே பத்துக்கு ஆறு என்று தராசு சாய்ந்துவிட்டது. டிரா என்பது நாம் திட்டுகிற அளவுக்குக் கெட்டதல்ல, வெள்ளையின் சாதகத்தை உறிஞ்சிக்கொள்கிற பஞ்சும் அதுதான்.

செஸ்960 எனப்படும் ஆட்டத்தை, இப்போது ஃப்ரீஸ்டைல் என்று அழைக்கிறார்களே அதை, முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் 1996 ஜூனில் அர்ஜென்டினாவின் ப்யூனஸ் அயர்ஸில் அறிவித்தார். பின்வரிசைக் காய்களைக் குலுக்கி அடுக்குவது; மந்திரிகள் எதிரெதிர் நிறக் கட்டங்களில் நிற்க வேண்டும், ராஜா இரண்டு யானைக்கும் நடுவில் இருக்க வேண்டும்; இப்படி மொத்தம் 960 அடுக்குகள். ஃபிஷரின் கோபமெல்லாம் மனப்பாடத்தின் மேல். அதை அவர் உடைத்தார், அதில் சந்தேகமே இல்லை. 2019-இல் நார்வேயில் நடந்த முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டியில் வெஸ்லி சோ, கார்ல்சனை 13.5–2.5 என்று புரட்டி எடுத்தார். வழக்கமான செஸ்ஸில் கார்ல்சனுக்கு எதிராக இப்படி ஒரு கணக்கை யாரும் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் வெள்ளையின் சாதகத்தைக் குறைப்பது ஃபிஷரின் நோக்கமாக இருக்கவில்லை, அது குறையவும் இல்லை. கணினியிடம் கொடுத்துப் பார்த்தால் சில அடுக்குகளில் வெள்ளையும் கறுப்பும் ஏறக்குறையச் சமம், சிலவற்றிலோ ஆட்டம் தொடங்கும்போதே வெள்ளைக்கு அரைச் சிப்பாய் அளவுக்கு முன்னிலை காட்டுகிறது.

ஏன் இப்படி என்பதை ஒரு அடுக்கை வைத்தே காட்டுகிறேன், பலகை இருந்தால் எடுத்து வைத்துப் பாருங்கள். வெள்ளையின் பக்கம் உட்கார்ந்து இடது ஓரத்திலிருந்து: மந்திரி, மந்திரி, ராணி, யானை, ராஜா, குதிரை, குதிரை, யானை. கறுப்புக்கும் எதிரே இதே வரிசை. 960-இல் இதுவும் ஒன்று. இப்போது வெள்ளை, இடதிலிருந்து இரண்டாவது சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளுகிறது. மூலையில் நிற்கும் மந்திரிக்குப் பலகையின் குறுக்கே முழுப் பாதையும் திறந்துவிட்டது. அந்தப் பாதையின் மறுகோடியில் கறுப்பின் ஒரு சிப்பாய், வலது ஓரத்திலிருந்து இரண்டாவது. அதைக் காப்பாற்ற யாருமே இல்லை: பக்கத்துக் குதிரைகள் இரண்டும் அந்தக் கட்டத்தைப் பார்க்கவில்லை, யானையும் பார்க்கவில்லை, ராஜா எட்டவில்லை. சிப்பாய் விழுந்தால் அதற்குப் பின்னால் மூலையில் யானையும் மாட்டும். வழக்கமான செஸ்ஸின் தொடக்க நிலையில் இப்படிக் காவல் இல்லாத சிப்பாய் ஒன்றுகூடக் கிடையாது, எண்ணிப் பாருங்கள். இங்கே கறுப்பு குதிரையை எடுத்து நடுவில் போட்டுப் பாதையை மறித்துவிடலாம், ஆட்டம் ஒன்றும் தோற்றுப்போய்விடாது. ஆனால் முதல் நகர்த்தலிலேயே கறுப்பு என்ன செய்ய வேண்டும் என்று வெள்ளை உத்தரவு போட்டுவிட்டது. கறுப்பும் பதிலுக்குத் தன் மந்திரிக்கு வழி திறந்து அதையே செய்யலாமே என்றால், முதலில் வெட்டுவது வெள்ளைதான்.

கிராண்ட்மாஸ்டருக்கு இது சின்னத் தொல்லை. ஒன்பது வயதுக் குழந்தைக்கு அப்படியல்ல. நான் சிறுவர்களுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கிறவன். சாதாரண செஸ்ஸில் அந்த வயதில் வெள்ளையா கறுப்பா என்பது பெரிதாக எதையும் முடிவு செய்வதில்லை, இருபது நகர்த்தலுக்குள் இரண்டு பக்கமும் ராணியைத் தொலைத்துவிட்டு நிற்கும்போது 55-க்கு 45 எல்லாம் எங்கே கணக்கில் வரும்? ஆனால் செஸ்960-இல், நான் மேலே சொன்ன மாதிரி அடுக்கில், கறுப்பை வைத்திருக்கும் குழந்தை முதல் நகர்த்தலிலேயே அந்த மந்திரியின் பாதையைப் பார்க்கத் தவறினால் ஒரு சிப்பாயும் யானையும் போய்விடும். எதிரே இருப்பவனும் அதே அளவுதான் விளையாடுவான், ஆனால் அவனுக்கு அந்தப் பயம் முதலில் வரவில்லை. குழந்தைகளுக்கு ஓப்பனிங் தியரி தெரியாது, அதனால் 960 அவர்களுக்குத்தான் ரொம்பப் பொருத்தம் என்று பலர் சொல்கிறார்கள். பாதி சரி. தியரி தெரியாத குழந்தையை வழக்கமான அடுக்கு ஓரளவு பாதுகாத்து வைத்திருந்தது என்பது மீதிப் பாதி.

கேஸ்லிங் இல்லாத செஸ்ஸுக்கும் நமக்கும் உறவு உண்டு. கிராம்னிக் 2019 கடைசியில் அதை முன்வைத்தார். அடுத்த மாதமே, 2020 ஜனவரியில், சென்னையில் அந்த விதியில் ஒரு போட்டி நடந்தது. உலகத்திலேயே முதல் முறை என்று சொல்லத்தக்க போட்டி, அதில் மிகப் பெரும்பாலான ஆட்டங்கள் வெற்றி தோல்வியில் முடிந்தன. 2021-இல் ஜெர்மனியின் டார்ட்மண்டில் ஆனந்தும் கிராம்னிக்குமே இந்த விதியில் நான்கு ஆட்டம் ஆடினார்கள், ஆனந்த் 2.5–1.5 என்று ஜெயித்தார். இதை ஏதோ வெளிநாட்டுப் புதுமை மாதிரி பேசுகிறோம், நம் நாட்டில் பழைய முறைச் சதுரங்கத்தில் கேஸ்லிங்கே கிடையாது. ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவிக்கொள்ளலாம், சிப்பாய் ஒரு கட்டம்தான் போகும். அந்த விதியில் ஆடிய பெரியவர்கள் சில குடும்பங்களில் இன்னும் இருப்பார்கள்.

2020-இல் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டின் ஆய்வாளர்களும் கிராம்னிக்கும் சேர்ந்து செய்த வேலை இந்த இடத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆல்ஃபாஸீரோ என்ற நிரலுக்கு ஒன்பது விதிமாற்றங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் அதை அதனுடனேயே ஆடவிட்டார்கள். கேஸ்லிங் இல்லாதது, சிப்பாய் ஒரு கட்டம் மட்டும் போவது (நம் பழைய விதிதான்), சிப்பாய் பக்கவாட்டில் போவது, எந்த இடத்திலிருந்தும் இரண்டு கட்டம் பாய்வது, தன் காயையே வெட்டுவது, ஸ்டேல்மேட்டை (ராஜாவுக்கு நேரடி ஆபத்து இல்லாமலே ஆட வழியில்லாமல் போவது, வழக்கமாக இது டிரா) வெற்றி என்று எடுத்துக்கொள்வது. இப்படி விதியை மாற்றினால் டிரா எத்தனை, வெள்ளைக்கு எத்தனை, கறுப்புக்கு எத்தனை என்று அளந்து பார்த்தார்கள். வழக்கமான செஸ்ஸில் நிரலுக்கு யோசிக்க நேரம் கூடக் கூட ஏறக்குறைய எல்லாமே டிராவில் போய் முடிந்தது. ஸ்டேல்மேட்டை வெற்றியாக்கினால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை, பலரும் எதிர்பார்த்ததற்கு மாறாக. எனக்கு இதில் பிடித்தது முடிவுகளைவிட முறைதான். ஒரு விதியை மனிதர்கள் மேல் போடுவதற்கு முன்பே அது எந்தப் பக்கம் சாயும் என்று அளந்து பார்க்க முடியும் என்றாகிவிட்டது. அளக்க முடியும்போது அளக்காமல் போட்டி நடத்துவது சரியல்ல.

சாய்வு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு கடைக்கோடி உதாரணம், தோற்கும் செஸ். எல்லாக் காய்களையும் முதலில் இழப்பவர் ஜெயிப்பார், வெட்ட முடிந்தால் வெட்டியே ஆக வேண்டும். இணையத்தில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஆடும் ஆட்டம் இது. 2016-இல் மார்க் வாட்கின்ஸ் என்பவர் கணினியின் துணையோடு இதைத் தீர்த்தே விட்டார்: வெள்ளை தன் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினால் போதும், அதன் பிறகு கறுப்பு என்ன ஆடினாலும் வெள்ளை ஜெயிக்க வழி இருக்கிறது.

மற்ற ஆட்டங்களில் இதை எப்போதோ யோசித்துவிட்டார்கள். 'கோ' ஆட்டத்தில் இரண்டாவதாக ஆடுபவருக்கு ஈடாகப் புள்ளி கொடுக்கிறார்கள், ஜப்பானிலும் கொரியாவிலும் 6.5, சீன விதியில் 7.5. முன்பு இது குறைவாக இருந்தது, முதலில் ஆடுபவர் தொடர்ந்து அதிகம் ஜெயிப்பதைப் பார்த்துப் பார்த்து உயர்த்தினார்கள். 'ஹெக்ஸ்' ஆட்டத்தில் முதல் காயை ஒருவர் வைப்பார், அதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தையே தான் எடுத்துக்கொள்ளலாமா என்று மற்றவர் முடிவு செய்யலாம். அண்ணன் பங்கு பிரிக்க வேண்டும், தம்பி முதலில் எடுக்க வேண்டும் என்று வீட்டில் அம்மா வைக்கும் விதிதான். செஸ் வகைகளிலேயே மார்செய் செஸ் என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொருவரும் ஒரே முறையில் இரண்டு நகர்த்தல் ஆட வேண்டும். வெள்ளை தொடக்கத்திலேயே இரண்டு ஆடினால் கறுப்பின் கதி என்ன? அதனால் வெள்ளையின் முதல் முறைக்கு மட்டும் ஒரே நகர்த்தல் என்று திருத்தினார்கள். ஒரு சின்னத் திருத்தம், ஆட்டம் நிமிர்ந்துவிட்டது. கணினி நிரல்கள் மோதும் பெரிய போட்டிகளில் வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்த ஓப்பனிங்கைக் கொடுத்து, அதே ஓப்பனிங்கை நிறம் மாற்றி இன்னொரு முறையும் ஆட வைக்கிறார்கள். சாய்வு இருந்தாலும் பரவாயில்லை, இருவருக்கும் ஒரே சாய்வு.

இனி எங்கள் ஊர்ப் பக்கம். ஒரு நாள் போட்டி ஒன்றில், காலையில் சாதாரண ரேபிட் சுற்றுகள், மதியத்துக்கு மேல் ஃப்ரீஸ்டைல் சுற்றுகள் என்று அறிவித்திருந்தார்கள். நல்ல முயற்சி, நடத்தியவர்களின் ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு அடுக்கிலும் ஒரே ஒரு ஆட்டம்தான், நிறம் மாற்றி ஆடவில்லை. மொத்தச் சுற்றுகள் ஒற்றைப்படை எண்ணிக்கை, அதனால் பாதிப் பிள்ளைகளுக்கு வெள்ளை ஒன்று கூடுதல், மீதிப் பேருக்குக் கறுப்பு ஒன்று கூடுதல். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறையச் சமப்புள்ளி உள்ளவர்களை மோதவிடும் சுவிஸ் முறையில் இதைத் தவிர்க்க முடியாது என்று எல்லாருக்கும் தெரியும், சாதாரண செஸ்ஸில் பொறுத்துக்கொள்ளவும் செய்கிறோம். ஆனால் அந்தக் கூடுதல் வெள்ளை, சாய்வான ஒரு அடுக்கில் போய் விழுந்தால் அது ஒரு கோப்பையின் விலை. முடிவில் இரண்டு பிள்ளைகள் சமப்புள்ளி, ஒருத்தி என்னிடம் படிக்கிறவள். ஆர்மகெடான் என்றார்கள், அதாவது வெற்றியாளரைக் கட்டாயம் முடிவு செய்யும் ஒரே ஆட்டம்: வெள்ளைக்கு 5 நிமிடம், கறுப்புக்கு 4, டிரா ஆனால் கறுப்பு ஜெயித்ததாகக் கணக்கு. நிறத்தைக் காசு சுண்டி முடிவு செய்தார்கள். காசில் ஜெயித்த பையன் யோசிக்காமல் கறுப்பைக் கேட்டான், காய்களையெல்லாம் மாற்றி மாற்றி வெட்டித் தீர்த்துவிட்டு டிரா செய்தான், கோப்பையை வாங்கினான். அவன் செய்தது புத்திசாலித்தனம். அவள் அன்று முழுக்க ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை.

இதைக் கவனியுங்கள், அங்கே சாதகம் கறுப்புக்குப் போய்விட்டது. நான் கறுப்புக்கு வக்காலத்து வாங்கவில்லை. விதியைத் தொட்டால் சாய்வு எந்தப் பக்கம் போகும் என்பதை நடத்துகிறவர் மேலோட்டமாகச் சொல்லிவிட முடியாது, ஆடுகிறவர்களின் பலத்தைப் பொறுத்துக்கூட அது மாறும். டிராவுக்குச் சலுகை என்பது டிரா எளிதாகச் செய்யத் தெரிந்த பிள்ளைகளிடம் பெரிய பரிசு, எப்போதும் வெட்டுக்குத்தில் முடிக்கும் சின்னப் பிள்ளைகளிடம் அதற்கு மதிப்பே குறைவு. நார்வே செஸ் போட்டியில் கிளாசிக்கல் ஆட்டம் டிரா ஆனால் உடனே ஆர்மகெடான் வைக்கிறார்கள், அங்கே வெள்ளைக்கு 10 நிமிடம், கறுப்புக்கு 7. ஐந்துக்கு நான்கு என்பது வானத்திலிருந்து இறங்கி வந்த விகிதம் ஒன்றும் இல்லை.

இதற்கு அழகான வழி ஏலம். கறுப்பை எடுத்துக்கொண்டு டிரா போதும் என்று ஆட உனக்கு எத்தனை நிமிடம் போதும் என்று இருவரிடமும் கேட்க வேண்டும், ஆளுக்கொரு சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும், குறைவாக எழுதியவருக்குக் கறுப்பு. 2010 அமெரிக்க சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டத்தில் இப்படித்தான் செய்தார்கள். வெள்ளைக்கு 60 நிமிடம் இருக்க, காம்ஸ்கி 25 நிமிடம் போதும் என்று கறுப்பை எடுத்தார், ஷுல்மனுடன் டிரா செய்து பட்டத்தை வாங்கினார். அறுபதுக்கு இருபத்தைந்து! உச்ச மட்டத்தில் அந்த டிரா சலுகையின் உண்மையான விலை எவ்வளவு என்பதை ஆடுகிறவரே சொல்லிவிட்டார். சீட்டு எழுதுவதற்கு இரண்டு காகிதத் துண்டு போதும், எந்தக் கல்யாண மண்டபத்திலும் நடத்தலாம். தோற்றவர் நடத்தியவரைக் குறை சொல்லவும் இடமில்லை, நிமிடத்தை எழுதியது அவரே.

அப்புறம் ஃப்ரீஸ்டைல் சுற்றுகள். ஒரு அடுக்கு என்றால் இரண்டு ஆட்டம், நிறம் மாற்றி, அதே எதிராளியோடு. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பேன். நேரம் போதாது என்று நடத்துகிறவர்கள் சொல்வார்கள், பிள்ளைகளைச் சாயங்காலம் ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும், மண்டபத்துக்கு வாடகை, ஆர்பிட்டர்களுக்குச் சம்பளம், எல்லாம் எனக்குத் தெரியும். 15 நிமிட ஆட்டம் ஒன்று வைக்கிற இடத்தில் 7 நிமிட ஆட்டம் இரண்டு வையுங்கள். சுற்றுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாதென்றால், மிகவும் சாய்ந்த அடுக்குகளை முன்கூட்டியே கணினியில் பார்த்துக் கழித்துவிட்டு, மீதியிலிருந்து குலுக்குங்கள். இலவச நிரல் ஒன்றை மடிக்கணினியில் ஓடவிட்டால் ஒரு மாலைப்பொழுது வேலை. சமப்புள்ளி வந்தால் பிரிப்பதற்கு, கறுப்பில் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை என்ற அளவுகோல் உலக செஸ் கூட்டமைப்பின் பட்டியலிலேயே இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, அறிவிப்புத் தாளில் ஒரு வரி சேர்த்தால் போதும். காசு சுண்டுவதைவிட எவ்வளவோ மேல்.

இதெல்லாம் செஸ்ஸைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும் என்ற பழமைவாதம் என்று யாராவது நினைத்தால், இல்லை. புதுவகை ஆட்டங்கள் வர வேண்டும் என்று விரும்புகிறவன் நான். 2025 ஜூலையில் லாஸ் வேகாஸில் பிரக்ஞானந்தா ஃப்ரீஸ்டைலில் கார்ல்சனை வீழ்த்தியபோது என் மாணவர்கள் அந்த அடுக்கை அன்றைக்கே பலகையில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு ஓப்பனிங்கின் பெயரைச் சொல்லாமல், இந்தக் குதிரை ஏன் இங்கே வந்தது, அந்த மந்திரி எப்போது திறக்கும் என்று அவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. மனப்பாடம் இல்லாத செஸ் எப்படி இருக்கும் என்று அங்கே பார்த்தேன். அந்த ஆட்டத்தில் பிரக்ஞானந்தாவிடம் வெள்ளை இருந்தது. அதைச் சொன்னால் அவருடைய வெற்றி சிறுத்துவிடாது. அந்த வெள்ளையை வைத்து உலகின் முதல் நிலை ஆட்டக்காரரை அவர் எப்படி மூச்சுவிடாமல் நெருக்கினார் என்பது படிக்கிறவருக்குப் புரியும். அதே ஆட்டக்காரரைக் கறுப்பில் டிரா செய்தால் அதுவும் செய்தியாகும். இப்போது டிரா என்றாலே உப்புச்சப்பில்லாத முடிவு என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறீர்கள், சாய்வான ஒரு அடுக்கில் கறுப்பை வைத்துக்கொண்டு எடுத்த அரைப் புள்ளிக்குப் பின்னால் நாலு மணி நேரப் போராட்டம் இருந்திருக்கும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். முடிவுகள் போடும்போது வெள்ளையில் ஆடியவர் பெயரை முதலில் போடுங்கள், ஓரத்தில் ஒரு சின்னக் குறிப்பில் அதைச் சொல்லிவிடுங்கள்; உலகம் முழுக்க செஸ் முடிவுகளை அப்படித்தான் எழுதுகிறார்கள், உங்களுக்கு ஒரு வரிகூட அதிகமாகாது. ஃப்ரீஸ்டைல் என்றால் அன்றைய அடுக்கையும் ஒரு சின்னப் படமாகப் போடுங்கள், பிள்ளைகள் வெட்டி வைத்துக்கொள்வார்கள். அடுத்தது, மாவட்டப் போட்டிகளின் அறிவிப்புகளை நீங்கள் இலவசமாக வெளியிடுகிறீர்கள், அது பெரிய உதவி. அந்த அறிவிப்பில் நுழைவுக் கட்டணம், பரிசுத்தொகை, தொடர்பு எண் எல்லாம் கேட்டு வாங்கிப் போடுகிற நீங்கள், நிறம் மாற்றி இரண்டு ஆட்டம் உண்டா, சமப்புள்ளி வந்தால் எப்படிப் பிரிப்பார்கள் என்ற இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். பத்திரிகை கேட்கிறது என்றால் நடத்துகிறவர்கள் அதற்கொரு பதிலை முன்கூட்டியே யோசித்து வைப்பார்கள், பெற்றோரும் படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவார்கள்.

இப்படிக்கு,
செஸ் பயிற்சியாளர் ஒருவர்,
கும்பகோணம்